முதல் கார்

எங்கள் பாதிரியார் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வார்.
பெய்ரா மலைச்சரிவில் எங்கள் முப்பது வீட்டுக்கும் தெரியும்.
கையில் துருப்பு இருந்தால்
மேசைக்கடியில் என் காலை இரண்டு முறை மிதிப்பார்.
நான் அவருக்கு ஜோடி, ஆகவே நானும் கள்ளி.
வெல்வது என்னவோ ஒரு குவளை ஒயின்.
ஆனாலும் தபால்காரன் எவரிஸ்து சீட்டை வீசுவான்:
"இந்தக் கையா ஞாயிற்றுக்கிழமை அப்பத்தை உயர்த்துகிறது?"
"இதேதான்," என்பார் பெலர்மீனு பாதிரியார்,
"அதற்கென்று தனியாக ஒன்று தரவில்லையே."
சிரிப்போம்.
அவர் உயர்த்தும் அப்பம் மடத்திலிருந்து பெட்டியில் வருவது.
நான் சுடுவது பசிக்குத் தின்கிற ரொட்டி.

ஆகஸ்டு. மூன்று மாதமாக மழை இல்லை.
தைல மரங்கள் எண்ணெய் வேர்த்து நின்றன.
மாலை ஐந்துக்கே இருட்டியது,
பிறகு இருட்டு சிவந்தது.
கைப்பேசிக் கோபுரம்தான் முதலில் எரிந்தது.
தீ என்றால் கோயில் மணியை அடிக்க வேண்டும்;
கயிறு பாதிரியார் வீட்டு வாசலிலிருந்து பத்தடி.

மணி அடித்தது.
அடித்தவன் எவரிஸ்து,
அப்பனைப் புதைத்த நாளுக்குப் பின்
அந்தப் படியை மிதிக்காதவன்.

நான் ரொட்டி வண்டியை எடுத்தேன்.
பின்னால் ஏழு பேர், ஒரு நாய், நாளைய மாவு.
புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை.
வளைவு எது, பள்ளம் எது?
அப்போது முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.
ஒன்று மங்கல்.
பாதிரியார் காரின் இடது விளக்கு
ஈஸ்டரிலிருந்தே அப்படித்தான்.
அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு
பதினோரு வளைவும் இறங்கினேன்.
அவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை.
நின்றிருந்தால் மோதியிருப்பேன்.

க்ளெமேந்து ஆடுகளை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடினான்.
ஆடுகள் வந்தன.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் இல்லை.
புருவம் பொசுங்காத முகத்தோடு நின்று சொன்னார்:
"முதல் கார் என்னுடையது.
கயிற்றைத் தாண்டித்தான் போனேன்.
நான்கு இருக்கை காலியாக இருந்தது."
யாரோ இருமினார்கள். புகை இன்னும் எங்கள் நெஞ்சில்.

வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள்.
மருந்துக்கடை க்ராசியேத் ஆயருக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னாள்:
"நம்மைவிட ஒரு படி மேல் என்றுதானே கை முத்தினோம்?"
"பயப்படாத ஆள் வேண்டுமென்றால்
பீடத்திலிருந்து ஒரு சிலையை இறக்கி வை," என்றான் அமதேவு.
எவரிஸ்து ஒன்றும் சொல்லவில்லை.
கயிறு உரித்த உள்ளங்கையில்
களிம்பு தடவிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம்:
'உங்கள் ஓட்டத்தைப் பார்த்துத்தான் எட்டு உயிர் இறங்கினோம்.'
சொன்னால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.
இரண்டாம் வரிசையில் க்ளெமேந்துவின் மனைவி இருந்தாள்.

இரண்டு வருடம் ஆகிறது.
கூண்டின் வலைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு
எடை குறைத்த ரொட்டியைச் சொல்கிறேன்,
தங்கையைப் பேசியதைச் சொல்கிறேன்.
இதைச் சொல்வதில்லை.
இது பாவமா என்று கேட்க வேண்டியதும் அவரிடம்தான்.

ஆயர் அவரை மாற்றவில்லை.
இந்த மலைக்கு வர வேறு ஆள் இல்லையாம்.
இடது விளக்கைச் சரிசெய்துவிட்டார்.
கயிற்றின் நுனியைத் தன் சமையலறை ஜன்னல்வரை நீட்டியிருக்கிறார்.
சீட்டாட வருகிறார். ஆனால்
கால் இரண்டையும் நாற்காலிக்கடியில் மடக்கிக்கொண்டு
நேர்மையாக ஆடுகிறார்.
வாரம் தவறாமல் தோற்கிறோம்.
எவரிஸ்துவுக்கே அந்த ஒயின் இறங்கவில்லை.
அவருடைய கள்ளத்தைத் தாங்கினோம்,
இந்தச் சுத்தத்தோடு ஒரே மேசையில் உட்கார முடியவில்லை.

நேற்று எனக்குத் துருப்பு ராஜா வந்தது.
மேசைக்கடியில் காலை நீட்டி
அவர் செருப்பைத் தேடினேன்.
ஒரு முறை.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
இன்னொரு முறை.